வெப்பத்தைக் குறைத்தால் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: சிறிய ரசாயன ஆலை ஒன்றில் கெமிஸ்டாக இருக்கிறேன். பழைய ஆய்வுக் கட்டுரையில் 110 டிகிரியில் நடத்திய ஒரு வினையை, அமிலத்தின் அடர்வைக் கூட்டி 70 டிகிரியில் நடத்தினோம். யீல்டு 8 சதவீதம் கூடியது. காப்புரிமை முகவரோ, "இது யாருக்கும் தோன்றக்கூடியதுதான் என்று தள்ளிவிடுவார்கள்" என்கிறார். தோன்றியிருந்தால் இத்தனை வருடம் ஏன் ஒருவரும் செய்யவில்லை?
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் முகவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது.

ஏறக்குறைய உங்கள் கதையே 1955-ல் அமெரிக்காவில் ஆலர் வழக்காக வந்தது. கியூமின் ஹைட்ரோபெராக்சைடை அமிலத்தால் உடைத்துப் பீனாலும் அசிட்டோனும் எடுக்கும் முறை அது. ஹாக், லாங் என்ற இருவர் 10 சதவீதக் கந்தக அமிலத்தில், 100 டிகிரியில் அதைச் செய்து எழுதியும் வைத்திருந்தார்கள். விண்ணப்பித்தவர்கள் கேட்டது 25 முதல் 70 சதவீத அமிலம், 40 முதல் 80 டிகிரி. யீல்டு கூடத்தான் செய்தது. நீதிமன்றம் அசையவில்லை. வினையும் தெரியும், அமிலமும் தெரியும். தோதான அளவைத் தேடிப் பிடிப்பது கெமிஸ்டின் அன்றாட வேலைதானே என்றது.

ஏன் ஒருவரும் செய்யவில்லை என்கிறீர்கள். யாருக்கும் தேவைப்படாமல்கூட இருந்திருக்கலாம். துறை தெரிந்த ஒருவர் அந்தக் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு, பலன் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு இதை முயன்றிருப்பாரா என்றுதான் பார்ப்பார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1977-ல் அங்கேயே வந்த அன்டோனி வழக்கு, தட்டுகள் சுழலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டி பற்றியது. தொட்டியின் கொள்ளளவுக்கும் அந்தத் தட்டுகளின் பரப்புக்கும் உள்ள விகிதம்தான் பலனைத் தீர்மானிக்கிறது என்பதை முந்தைய எழுத்துகள் எதுவும் சொல்லவில்லை. திருகவேண்டிய குமிழ் எதுவென்றே தெரியாதபோது அதைத் திருகிப் பார்ப்பது வழக்கமான வேலை ஆகாது என்று காப்புரிமைக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. உங்கள் வினையில் வெப்பமும் அடர்வும் எல்லோரும் அறிந்த குமிழ்கள். அங்கேதான் இடிக்கிறது.

நம் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவில் 'பொருளாதார முக்கியத்துவம்' என்ற சொல் இருப்பதைப் பார்த்துப் பலர் ஏமாந்துபோகிறார்கள். செலவு குறைகிறது என்று காட்டினால் மட்டும் போதாது. துறை தெரிந்தவருக்கு அது எளிதில் தோன்றாததாகவும் இருக்கவேண்டும்.

விண்ணப்பத்தை எழுதுமுன் உங்கள் ஆய்வக நோட்டை எடுங்கள். 100, 90, 80 டிகிரிகளில் யீல்டு என்ன? படிப்படியாக ஏறியிருந்தால் ஆலர் வழக்கைத்தான் உங்கள்முன் நீட்டுவார்கள். மாறாக, 80 வரை யீல்டு அசையாமல் 70-ல் திடீரென ஏறியிருந்தாலோ, தொல்லை தந்துகொண்டிருந்த துணைவிளைபொருள் அங்கே அடியோடு மறைந்திருந்தாலோ, குளிர்ந்தால் வினை நின்றுவிடும் என்று அந்தப் பழைய கட்டுரையே எச்சரித்திருந்தாலோ, முகவரிடம் மறுபடி போங்கள். தோற்றுப்போன சோதனைகளின் பக்கங்களையும் கிழிக்காமல் கொண்டுபோங்கள்.