ஐந்தாம் ஃப்ரெட்டில் ஒரு கரகரப்பு

கோயம்புத்தூர்

அம்மாடி,

பேஸ் கிட்டாரைக் கேஸோடு பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டாயாம். அண்ணி போனில் சொன்னார்கள். “கீழ் ஃப்ரெட்டுகளில் கரகரவென்கிறது, சித்தப்பா இருபது வருஷம் வைத்திருந்ததை ஒரே மாதத்தில் கெடுத்துவிட்டேன்” என்று அழாத குறையாம். ஒன்றும் கெடவில்லை. கோவைக் காற்றில் இருந்த மரம் பெசன்ட் நகர் கடற்காற்றுக்கு வந்திருக்கிறது. கொஞ்சம் அசைந்து கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். உன் பாட்டியின் வீணை நினைவிருக்கிறதா? கோடையில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்துவிடும். மேளம் கட்டுகிறவர் வந்து திண்ணையில் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்துவிட்டுப் போவார். வீணை கெட்டுப்போச்சு என்று பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் கரகரப்பு எங்கே கேட்கிறது என்று பார். முதல் ஐந்து ஃப்ரெட்டுக்குள் மட்டும் கேட்டால், நெக் அளவுக்கு மீறி நேராகிவிட்டது என்று அர்த்தம். பன்னிரண்டுக்கு மேலே கேட்டால் பெரும்பாலும் தந்தி தாழ்ந்து கிடக்கிறது. பிரிட்ஜில் சேடிலைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். ஒரே ஒரு இடத்தில் மட்டும் கேட்டால், பக்கத்து ஃப்ரெட் எழும்பியிருக்கக்கூடும். அது கைதேர்ந்தவர் வேலை, நீ அரத்தை எடுக்காதே.

உனக்கு முதல் வகை. காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். சேடிலிலிருந்து நட்டு வரை 34 அங்குலம், அதில் ஐந்து தந்திகள். சுருதி சேர்த்தபின் அவை எல்லாம் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. உன்னைவிடக் கனமான ஓர் ஆள் இரவும் பகலும் நெக்கை முன்பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கிற மாதிரி. அதற்கு எதிராக நெக்குக்குள்ளே ஓடுகிற இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். இரண்டும் சரிக்குச் சரி நின்றால் நெக் முழுக்க நேராகிவிடும். அதுவும் ஆகாது. அடித் தந்தி வினாடிக்கு ஏறக்குறைய 31 முறைதான் அதிர்கிறது. அவ்வளவு மெதுவாக ஆடுகிற தந்தி அகலமாக ஆடும், அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்துக்காகத்தான் நெக்கில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழிவை விட்டு வைக்கிறோம்.

அளப்பது சுலபம். சுருதி சேர்த்துவிட்டு, வாசிக்கிற நிலையிலேயே மடியில் வைத்துக்கொள். ஒரு தந்தியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடலோடு சேருமிடத்திலும் அழுத்திப் பிடி. ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தட்டுத்தடங்கலின்றி நுழைந்தால் சரி. கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர். உனக்கு நுழையாது என்று இங்கிருந்தே சொல்கிறேன். கேஸின் சின்னப் பையில் ஆலன் கீ இருக்கிறது. இடப்பக்கமாகக் கால் சுற்று தளர்த்து. அதற்கு மேல் வேண்டாம். மறுபடி சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, காலையில் அளந்து பார். மரம் நம் அவசரத்துக்கு நகராது.

இந்தக் கால் சுற்றுக் கணக்கை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் கிட்டார் மலிவானது. அதில் ட்ரஸ் ராட் இறுக்கமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று முறுக்கினேன். டக்கென்று ஒரு சத்தம், கம்பி அறுந்துவிட்டது. அந்த நெக் இன்றும் பரணில் கிடக்கிறது. ஆகவே, சாவி கெட்டியாக மறுத்தால் நிறுத்திவிடு.

விலை உயர்ந்த கிட்டாருக்கு இதெல்லாம் வருமா என்று கேட்டாயாம். அங்கேதான் நீ தப்பாக நினைத்திருக்கிறாய். 1951-இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த ப்ரிசிஷன் பேஸ், தொழிற்சாலையில் மளமளவென்று செய்து தள்ள வசதியான, பலகையும் திருகாணியுமான சாமான். இன்று காரின் விலைக்கு விற்கிற பேஸ்களில் பல அதன் பரம்பரைதான். உன் கையிலிருப்பதைச் செய்த ரோஜர் சடௌஸ்கி 1979-இல் நியூயார்க்கில் கடை வைத்தபோது முக்கிய வேலையே ரிப்பேர். ஸ்டூடியோக்காரர்களின் ஃபெண்டர்களை வாங்கி ஃப்ரெட்டைச் சமன்செய்வார், உள்ளே இரைச்சல் வராமல் காப்புக் கட்டுவார், ப்ரீஆம்ப் வைப்பார். மார்கஸ் மில்லர் வாசிக்கும் 1977 ஜாஸ் பேஸ் அந்தக் கைக்குப் போய்வந்ததுதான். அந்தப் பராமரிப்பையே முதல் நாளிலிருந்து மரத்தில் ஏற்றிச் செய்த கிட்டார்களுக்குத்தான் பெரிய விலை. கவனிக்காமல் விட்டால் அது சத்தமில்லாமல் சாதாரணக் கிட்டாராகிவிடும்.

ப்ரீஆம்ப் என்றதும் பேட்டரி ஞாபகம் வருகிறது. ஜாக்கைச் சொருகினாலே ப்ரீஆம்ப் விழித்துக்கொள்ளும், நீ வாசிக்காவிட்டாலும் 9 வோல்ட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷன். முந்தின ராத்திரி கேபிளைக் கழற்றாமலே தூங்கிவிட்டேன். இரண்டாவது பாட்டில் தவளை கத்துகிற மாதிரி உடைந்தது, மூன்றாவதில் சத்தமே இல்லை. பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் காம்பியரின் உபரி கார்ட்லெஸ் மைக்கிலிருந்து பேட்டரியை உருவினோம். ப்ரீஆம்பைத் தாண்டிப் போகிற, பேட்டரியே வேண்டாத பாஸிவ் வழி ஒன்று அதே கிட்டாரில் இருக்கிறது என்பது வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது! வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கு.

மண்டபங்களைப் பற்றி இன்னொன்று. ஜெனரேட்டர் லைனில் எர்த் இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்காமல் மேடை ஏறாதே. தந்திகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்தவை. எங்கேயோ கசிவு இருந்தால், தந்தியில் கையும் மைக்கில் உதடும் வைத்தவளுக்குத்தான் ஷாக். கேட்பதற்கு வெட்கமே படாதே.

கடற்காற்றில் முதலில் துருப்பிடிப்பது சேடிலின் பொடித் திருகாணிகள். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் தந்தி, பிரிட்ஜ் எல்லாவற்றையும் துடை. பழைய வேட்டித் துணியைவிட நல்லது எந்தக் கடையிலும் கிடையாது. மரத்துக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். சென்னையில் அது கனவு. ஆனாலும் ஏசி அறைக்கும் மொட்டைமாடிக்குமாக அலையவிடாதே. ஏசியிலிருந்து வெளியே கொண்டுபோனால் கேஸை அரைமணி நேரம் திறக்காமல் வை. இல்லாவிட்டால் குளிர்ந்த உலோகத்தில் வியர்த்துக்கொள்ளும்.

விரல்பலகை தோதகத்தி மரம், நம்மூரில் ஈட்டி என்பார்களே, அதே. வருஷத்துக்கு இரண்டு முறை தந்திகளை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று சொட்டு மினரல் ஆயில் தடவி, உடனே துடைத்துவிடு. தேங்காய் எண்ணெய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதே என்று தடவாதே, சிக்கு வாடை வரும். வார்னிஷ் பூசிய மேப்பிள் பலகை உள்ள கிட்டார் பிறகு வாங்கினால், அதற்கு எண்ணெயே வேண்டாம்.

தந்தி செட் விலை உனக்கே தெரியும். மங்கிப்போனால் பத்து நிமிஷம் கொதிநீரில் போட்டு எடுத்து நன்றாகத் துடைத்து உலர்த்தினால் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று பேசும். நாங்கள் எல்லோரும் செய்ததுதான். பாத்திரத்துக்கு அண்ணியிடம் அனுமதி வாங்கு. ரசம் வைக்கிற ஈயச்சொம்பு பக்கமே போகாதே. புதுத் தந்தி போடும்போது வெட்டுகிற இடத்தை முதலில் மடக்கிவிட்டு அதற்கப்பால் வெட்டு, இல்லையென்றால் மேல்சுற்று நழுவிவிடும்.

இவ்வளவும் சொன்ன நானே இதையும் சொல்கிறேன்: மோட்டவுனில் அத்தனை பாட்டுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். அந்த மங்கல்தான் அவருக்கு வேண்டிய நாதம். ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட்டுகளே இல்லாத தன் ஜாஸ் பேஸின் பலகையில் படகுக்குப் பூசும் எபாக்ஸியைப் பூசினார். முரட்டுத் தந்தி மரத்தைத் தின்னாமல் இருக்க. இருவருக்கும் எந்தச் சத்தம் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. உனக்குத் தெரியும்வரை என் அளவுகளை வைத்துக்கொள்.

நாளைக் காலை அளந்துவிட்டு எழுது. சரியானபின் சோதிக்கிறேன் என்று ஸ்லாப் அடித்துப் பார்க்காதே. எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்றை எடுத்து, பேஸை மட்டும் மெதுவாக, கீழ் ஃப்ரெட்டுகளிலேயே வாசித்து, பதிவுசெய்து அனுப்பு. போன் ஸ்பீக்கரில் கேட்கமாட்டேன், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்கிறேன். சின்னப் பையில் இரண்டு பேட்டரி வைத்திருக்கிறேன். அதில் ஒன்று பழசு, எது என்று மறந்துவிட்டது.

அன்புடன்,
சித்தப்பா