கம்பம் பள்ளத்தாக்கும் இருகண் தொலைநோக்கியும்

தேனியினின்று தென்மேற்கே சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்னும் ஊர்களின் வழியே செல்வோர் இருமருங்கிலும் மலைகளைக் காண்பர். மேற்கே ஏலமலைத் தொடர்; கிழக்கிலும் தெற்கிலும் மேகமலையும் வருசநாட்டு மலைகளும். 1895ஆம் ஆண்டிற் பெரியாற்றணை திறக்கப்பெற்ற பின்னர் அதன் நீர் பாய்ந்து செழித்த நெல்வயல்களும் தோப்புகளும் திராட்சைப் பந்தல்களும் இவற்றிடையே பரந்து கிடக்கின்றன. இத்தகைய நிலத்தில் இயற்கையைக் கற்க விழையும் மாணாக்கர்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. காணத்தக்கன பலவும் எட்டாத் தொலைவில் உள்ளன.

கிட்டச் சென்று காணலாகாதோ எனின், பல சமயங்களில் ஆகாது. யானை நடமாடுங் காட்டிற் கிட்டச் செல்லுதல் உயிர்க்கு ஊறு. கூடுகட்டிய பறவையைக் கிட்டச் செல்லுதல் அதன் குஞ்சுகட்கு ஊறு. மேகமலை 2009ஆம் ஆண்டில் வனவுயிர்ச் சரணாலயமாகவும், 2021ஆம் ஆண்டில் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பெற்றமையின், வனத்துறையாரின் இசைவின்றி அதனுட் புகுதலும் தகாது. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் குரங்கணி மலையில் எழுந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் பலர் உயிர் துறந்ததை இவ்வட்டாரத்தார் மறந்திலர். ஆதலின், நாம் கிட்டச் செல்லாமலே பொருளை நம்மிடங் கொணரும் கருவி ஒன்று வேண்டும். அதுவே வழக்கிற் பைனாகுலர் எனப்படும் இருகண் தொலைநோக்கி. அதனைத் தெரிந்தெடுக்கும் முறையை ஈண்டு ஒருவாறு கூறுவோம்.

முதற்கண், யாம் செய்த பிழையைச் சொல்லுதல் நலம். சில ஆண்டுகட்கு முன் ஒரு திருவிழாக் கடையில் '30×60' எனப் பொறித்த தொலைநோக்கி ஒன்றைக் கண்டோம். எண் பெரிதாயின் பயனும் பெரிதெனக் கருதி, விலையும் குறைவாயிருந்தமையின் அதனை வாங்கினோம். மறுவாரம் மேகமலைச் சாலையில் விடியற்பொழுதில் சோலையின் விளிம்பிற் கரிய குரங்குகள் சில கிளைதாவக் கண்டு அதனைக் கண்ணிற் பொருத்தினோம். ஆடும் இருளன்றி வேறொன்றும் காணேம். அவை சோலைமந்தியோ, கருமந்தியோ என உடன்வந்த மாணாக்கர் வினவினர். விடை கூற இயலவில்லை. சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையிலன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாய் வாழ்வதில்லை. அழியும் நிலையிலுள்ள இனம். அதனைக் கண்டோமா இல்லையா என்று எழுதவேண்டிய குறிப்பேட்டில் அவ்விடம் வெறுமையாகவே நின்றது. வீடு திரும்பி அளந்து பார்க்க, முகப்பு வில்லையின் குறுக்களவு 60 மில்லிமீட்டர் அன்று, 22 மில்லிமீட்டரே.

கருவியின்மேற் காணும் இரண்டெண்களின் பொருள் யாதெனின், முன்னது எத்தனை மடங்கு கிட்டக் காட்டும் என்பது. பின்னது முகப்பு வில்லையின் குறுக்களவு, மில்லிமீட்டரில். 8×42 என்னும் கருவியில், 400 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருள் 50 மீட்டரில் நிற்பது போலத் தோன்றும். பின்னெண்ணை முன்னெண்ணால் வகுக்க வருவது கண்ணுக்குட் புகும் ஒளிவட்டத்தின் அளவு. 8×42இல் அது 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 10×25இல் இரண்டரை மில்லிமீட்டரே. நண்பகலில் நம் கண்ணின் பாவை இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுமாதலின் இவ்விரண்டிற்கும் வேற்றுமை பெரிதும் புலப்படாது. விடியற்காலையிலும், மாலையிலும், அடர்ந்த சோலையின் நிழலிலும் பாவை விரியும். அப்பொழுது முன்னது பின்னதைக் காட்டிலும் நான்கு மடங்கிற்கு மேற்பட்ட ஒளியைத் தரும். பறவையும் விலங்கும் மிகுதியாய் வெளிப்படுவது அப்பொழுதே அன்றோ?

மடங்கு மிகுந்தால் நன்றன்றோ எனின், அன்று. பொருளை 10 மடங்கு பெருக்குங் கருவி கையின் நடுக்கத்தையும் 10 மடங்கு பெருக்குகின்றது. ஆடிக்காற்று வீசும் இப்பள்ளத்தாக்கிற் கைநடுக்கம் சிறிதன்று. மேலும், மடங்கு ஏற ஏறக் காட்சிப் பரப்புக் குறையும். 8 மடங்குக் கருவியில் 1000 மீட்டர்த் தொலைவில் ஏறத்தாழ 130 மீட்டர் அகலம் காணலாமெனின், 10 மடங்குக் கருவியில் ஏறத்தாழ 110 மீட்டரே காணலாகும். கிளைவிட்டுக் கிளைதாவும் உயிரைத் தேடுவோர்க்கு இவ்விழப்புப் பெரிது. ஆதலின் சோலைக்கும் தோப்பிற்கும் வயலில் நிற்கும் மடையானுக்கும் 8 மடங்கே ஏற்றது. வெட்டவெளியாகிய வைகை அணை நீர்ப்பரப்பிற்கும், பாறைச் சரிவில் மேயும் வரையாட்டிற்கும் 10×42 பயன்படும். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1031 வரையாடுகளே காணப்பெற்றன. அவற்றுள் கிடா எது, பெட்டை எது, குட்டி எது எனத் தொலைவினின்று பிரித்தறிதற்குக் கூர்மையான காட்சி வேண்டும். ஒன்றே வாங்க இயலுவோர் 8×42ஐ வாங்குக. பாரம் தாங்காதோர் 8×32ஐ வாங்குக.

இனி, அமைப்பு இருவகை. இத்தாலியரான போரோ 1854ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பட்டக அமைப்பினை உடையது ஒன்று. அதன் குழல்கள் தோள் அகன்று தோன்றும். மற்றொன்று கூரைப் பட்டகம் உடையது, குழல்கள் நேராய் நிற்கும், கையடக்கமானது. பின்னதைப் பிழையின்றிச் செய்தல் அரிதாதலின், குறைந்த விலையில் வாங்குவோர்க்கு முன்னதே பெரும்பாலும் தெளிவாய்க் காட்டும். நீர் புகாதபடி மூடி, உள்ளே நைட்ரஜன் வாயு அடைத்த கருவி, மேகம் தவழும் மலையில் உட்புறம் மூடுபனி படியாமற் காக்கும்.

வில்லைகளின் மேற்பூச்சும் ஆராயத்தக்கது. பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பிவிடும். பத்து முகங்களைக் கடக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கு இவ்வாறு வீணாகும். எல்லா முகங்களிலும் பல அடுக்குப் பூச்சுடையதே சிறந்தது. மாணிக்கம் போற் செந்நிறமாய் ஒளிரும் வில்லையைக் கண்டு மயங்கற்க. அது செந்நிற ஒளியைத் திருப்பிவிட்டுக் காட்சியின் நிறத்தைத் திரித்துவிடும்.

கடையிற் சோதிக்கும் முறை வருமாறு. கருவியைக் கைநீட்டிப் பிடித்து வெளிச்சத்தை நோக்குக. கண்ணருகு வில்லையில் தோன்றும் ஒளிவட்டம் முழு வட்டமாயிருத்தல் வேண்டும். ஓரம் வெட்டுண்டதாயின் பட்டகம் தாழ்ந்த தரத்தது. தெருவின் எதிர்ப்புறத்துப் பெயர்ப்பலகையின் எழுத்துகளை நடுவிலும் ஓரத்திலும் வைத்துப் படித்துப் பார்க்க. மின்கம்பம் இரண்டாகத் தோன்றினாலும், சிறிது நேரத்திற் கண் வலித்தாலும், குழல்கள் ஒருநேராய் நில்லாதவை என்றறிந்து விலக்குக. மூக்குக் கண்ணாடி அணிவோர் அதனைக் கழற்றாமலே நோக்குக. கண்ணுக்கும் வில்லைக்கும் 15 மில்லிமீட்டரேனும் இடைவெளி கொடுக்குங் கருவியே அவர்க்கு உரியது.

வாங்கியபின் செய்யவேண்டுவன சில. இரு வட்டங்களும் ஒன்றாகும் வரை கீலை மடக்குக. வலக்கண்ணை மூடி, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடக்கண்ணிற்குத் தெளிவாக்குக. பின் இடக்கண்ணை மூடி, வலப்புற வளையத்தைத் திருப்பி வலக்கண்ணிற்குத் தெளிவாக்குக. பறவையை முதலில் வெறுங்கண்ணாற் கண்டு, பார்வையை எடாமலே கருவியைக் கண்ணுக்கு உயர்த்துக. ஞாயிற்றை ஒருபொழுதும் நோக்கற்க, கண் கெடும். தூசியை வேட்டி நுனியால் துடைத்தலாகாது. ஊதி அகற்றிய பின்னரே மெல்லிய துணி கொள்க. ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம் ஊறிய தோலுறையில் அடைத்து வைத்த கருவியின் வில்லையில் பூசணம் படர்ந்து கண்ணாடியையே அரித்துவிடும். காற்றோட்டத்தில் உலர்த்தி, ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைக்க.

இறுதியாக ஒன்று. 1948ஆம் ஆண்டில் இம்மேகமலையில் ஹட்டன் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தனர். முன்பே அறிந்த இனமென்று அது பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத் தொகுப்பில் வைக்கப்பெற்றது. 1972இல் தாய்லாந்து அறிஞர் தோங்லோங்யா அதனை மீண்டும் ஆராய்ந்து, அஃது உலகம் அறியாத புதுப்பேரினம் எனக் கண்டு, சலீம் அலியின் பெயரை அதற்கு இட்டனர். கையிலிருந்த பொருளே இருபத்துநான்கு ஆண்டு அறியப்படாதிருந்தது. கருவி காட்டும், கண்டதை உணர்தல் நம் கடன்.

யாமும் பின்னொருநாள், பொருள் சேர்த்து வாங்கிய 8×42 கருவியுடன் அச்சாலைக்கு மீண்டோம். அதே சோலை, அதே மங்கிய வெளிச்சம். கரிய முகத்தைச் சூழ்ந்த நரைத்த பிடரிமயிரும், வால்நுனியிற் சிறு குஞ்சமும் தெளிவாய்த் தோன்றின. மாணாக்கர் ஒருவர் தாமே 'சோலைமந்தி' எனக் குறிப்பேட்டில் எழுதினர். அக்கூட்டம் எம்மை ஏறிட்டும் பாராது தன்பாட்டிற் பழந்தின்று கொண்டிருந்தது.