தாத்தா வைத்துப்போன தாளம்: தராசில் போடும் முன் பார்க்க வேண்டியவை

எமது தோட்டங்களில் பல லயன் வீடுகளில், பரண் மேலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ ஒரு சோடித் தாளம் கிடக்கும். தாத்தா காமன் கூத்துக்கு அடித்தது, பெரியப்பா மார்கழி பஜனைக்குக் கொண்டு போனது என்பார்கள். அதற்கு மேல் கேட்டால் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. பழைய சாமான் வாங்குகிறவர் லயத்துப் பக்கம் வரும் நாளில்தான் அது வெளியே வரும். அவர் தராசில் போட்டு, "பித்தளைதானே" என்று ஒரு விலை சொல்வார். வீட்டிலும் சரி என்று கொடுத்து விடுவார்கள். கொழுந்து மடுவத்தில் ஒரு கிலோ குறைந்தால் சும்மா விடாத நாம், இந்தத் தராசுக்காரரிடம் மட்டும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை.

விற்பதா வைத்துக் கொள்வதா என்பது அந்தந்த வீட்டுக்காரர் பாடு. பிள்ளைக்குக் கொப்பி புத்தகம் வாங்க விற்றால் அதில் குற்றமில்லை. ஆனால் என்ன பொருளை விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். அதற்காகவே இந்தப் பாடம்.

முதலில், அது என்ன தாளம்?

கையடக்கமாக, கிண்ணம் போல் குழிந்து, கனமாக இருந்தால் குழித்தாளம். கூத்துக்கும் நாதஸ்வர மேளத்துக்கும் அடிப்பது இதுதான். மெல்லியதாக, தட்டையாக இருந்தால் பஜனைக்குரிய ஜால்ரா. உள்ளங்கையை விட நன்றாகப் பெரிதாக, நடுவில் குமிழ் வைத்து இருந்தால் கோயில் பூசை நேரத்தில் அடிக்கும் பெரிய தாளம். சில வீடுகளில் ஒன்று வெண்கலமாகவும் மற்றது இரும்பாகவும் இருக்கும். "சோடி மாறிப் போச்சு" என்று நினைத்து இரும்பைத் தூக்கி எறிந்து விடாதீர்கள். பரதநாட்டியத்துக்கு நட்டுவனார் பிடிக்கும் தாளம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்தது உலோகம். காசு நட்டமாவது இந்த இடத்தில்தான்.

நல்ல தாளம் வெண்கலத்தில் வார்க்கப்படும். நூறு பங்கில் ஏறக்குறைய 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. சந்தையில் வெள்ளீயம் செம்பை விட விலை கூடியது. துத்தநாகம் செம்பை விட மலிவு. ஆகவே வெண்கலத்தைப் பித்தளை என்று சொல்லி வாங்குகிறவருக்கு வாங்கும் போதே லாபம் கிடைத்து விடுகிறது. எல்லா வியாபாரியும் அப்படிச் செய்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாமல் சொல்கிறவரும் உண்டு.

கையில் தூக்கிப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. ஒரே அளவு என்றால் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டிக் கொண்டால் அது மேலே பூச்சுப் பூசிய இரும்பு. ஒட்டாவிட்டால் வெண்கலமாகவும் இருக்கலாம், பித்தளையாகவும் இருக்கலாம். பிறகு கயிற்றுத் துளையின் உட்பக்கத்தைப் பாருங்கள். கை படாத அந்த இடத்தில் பித்தளை தங்கம் போல் மஞ்சளடிக்கும். வெண்கலம் வெளிறி, கொஞ்சம் சாம்பல் சேர்ந்த மாதிரி இருக்கும். விளிம்பையும் கவனியுங்கள். கீழே விழுந்து நசுங்கி வளைந்திருந்தால் பெரும்பாலும் பித்தளை. வெண்கலம் நசுங்குவது அபூர்வம். அது வெடித்து விடும். உடைந்த வாய் வெள்ளையாக, பொரிந்த மாதிரித் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலானது காது. ஒரு வட்டைக் கயிற்றில் தொங்கவிட்டு, மற்றதன் விளிம்பால் மெதுவாகத் தட்டுங்கள். வெண்கலத்தின் நாதம் கணீரென்று எழும்பி, இழுத்துக் கொண்டே போய் மெல்ல அடங்கும். பித்தளை சீக்கிரம் ஓய்ந்து விடும். வெண்கலம் என்று உறுதியாகத் தெரிந்தும் சத்தம் சொரசொரவென்று கிழிந்தாற் போல வந்தால் எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்து விளிம்பையும் துளையைச் சுற்றியும் பாருங்கள். ஈயம் வைத்து ஒட்டினால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஒட்டலாம், போன நாதம் திரும்பாது.

இரண்டு வட்டின் சுருதியும் அச்சொட்டாக ஒன்றாக இல்லையே என்று சிலருக்குச் சந்தேகம் வரும். கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் அது குறை இல்லை. இரண்டு ஓசையும் சேரும் போது வருகிற அந்த அலையைத்தான் கூத்துக்காரர்கள் விரும்புகிறார்கள்.

வயதை எப்படி அறிவது? கறுத்திருக்கிறது என்பதை வைத்துச் சொல்ல முடியாது. மலைநாட்டு ஈரத்திலும் அடுப்புப் புகையிலும் புதுத் தாளமே சில வருடத்தில் கறுத்து விடும். தேய்மானம்தான் சாட்சி. இரண்டு விளிம்பும் மோதுகிற இடம் வழுவழுவென்று மழுங்கி, கயிறு உரசிய துளை ஒரு பக்கமாக நீண்டு போயிருந்தால், அது பல வருடம் உழைத்த தாளம்.

பெயர் வெட்டி இருந்தால் நல்ல அதிர்ஷ்டம். புள்ளி புள்ளியாக அடித்த எழுத்தை மாவு தடவிப் பார்த்தால் வாசிக்கலாம். லை, னை போன்ற எழுத்துக்களுக்கு முன்பு துதிக்கை போட்டு எழுதினார்கள். தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகுதான் இன்றைய வடிவம் பரவியது. ஆகவே துதிக்கை எழுத்து இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்கலாம். ஆனால் இலங்கையில் பழைய எழுத்து இன்னும் சில காலம் புழங்கியதால், இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்லக் கூடாது. தமிழ் வருடப் பெயர் வெட்டியிருந்தால் இன்னும் கவனம் தேவை. அறுபது வருடத்துக்கு ஒரு தடவை அதே பெயர் திரும்பி வரும். "விகாரி" என்று இருந்தால் 1899 உம் ஆகலாம், 1959 உம் ஆகலாம். எது என்பதை வீட்டுப் பெரியவர்களின் பேச்சோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

பேச்சையும் அப்படியே எடுத்துக் கொள்ள முடியாது. "முப்பாட்டன் கடல் தாண்டி வரும்போது கொண்டு வந்தது" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சில வீட்டில் அது உண்மை. கும்பகோணம் பக்கத்துக் கன்னார்கள் வெண்கல வேலைக்குப் பெயர் போனவர்கள். ஆனால் 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போன குடும்பங்கள் கையிலிருந்த சாமான்களை விற்றும், அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தும் போனார்கள். உங்கள் வீட்டுத் தாளம் அப்படி வந்ததாகவும் இருக்கலாம். அதனால் அதன் மதிப்புக் குறையாது, கதைதான் வேறு.

பேண்ட் வாத்தியத்தோடு அடிக்கிற பெரிய சிம்பல் யாரிடமாவது இருந்தால், மேலே முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஸில்ஜியன் என்ற பெயரும் அரபு எழுத்துப் போன்ற துருக்கி எழுத்தும் இருந்தால், தெரிந்த வாத்தியக் கடையில் காட்டாமல் கொடுக்க வேண்டாம். அதில் ஊர்ப் பெயர் கொன்ஸ்தாந்திநோபிள் என்று இருந்தால் ஏறக்குறைய 1930 க்கு முந்தியது. நம் பக்கத்தில் இது கிடைப்பது அருமை. முத்திரை இல்லாத மெல்லிய பித்தளைத் தட்டுகள்தான் அதிகம்.

இனி விலை. இரும்பு வியாபாரி தருவது உலோக விலை. அதுவே அடி மட்டம்; அதற்குக் கீழே போகவே கூடாது. வீட்டிலேயே நிறுத்து எழுதி வைத்து, வெண்கலம் கிலோ என்ன, பித்தளை கிலோ என்ன என்று இரண்டு மூன்று இடத்தில் தனித்தனியாகக் கேளுங்கள். அடுத்தது வாசிக்கிறவர் கொடுக்கும் விலை. அதே அளவில் புதுச் சோடி வாத்தியக் கடையில் என்ன விலை என்று விசாரியுங்கள். வெடிப்பில்லாத, நாதமுள்ள பழைய சோடிக்கு அதை ஒட்டிக் கேட்பதில் தப்பில்லை. கோயில் கமிட்டியோ கூத்துக் குழுவோ வாங்கினால் தாளம் தோட்டத்திலேயே ஒலிக்கும் என்ற வசதியும் உண்டு.

இதில் அடிக்கடி நடக்கிற ஒரு காரியம் மனதுக்குக் கஷ்டமானது. தகப்பன் இறந்த பிறகு அண்ணன் ஒரு வட்டு, தம்பி ஒரு வட்டு என்று பங்கு போட்டு விடுகிறார்கள். சமமாகப் பிரித்ததாக நினைப்பு. ஒற்றை வட்டை வைத்துத் தாளம் போட முடியுமா? அதற்குக் கிடைப்பது உலோக விலை மட்டுமே. சோடியை ஒருவர் வைத்துக் கொண்டு, மற்றவருக்கு வேறு பொருளோ காசோ கொடுத்துத் தீர்ப்பதுதான் புத்தி.

எதிர்ப்பக்க ஏமாற்றும் இருக்கிறது. இரிடியம், அரிசியை இழுக்கும் செம்பு என்று கதை சொல்லி, "சோதனைச் செலவுக்கு" முன்பணம் வாங்கிக் கொண்டு மறைந்த கூட்டங்களைப் பற்றித் தமிழ்நாட்டுச் செய்திகளில் எத்தனையோ தடவை வந்து விட்டது. வாங்க வருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் வாசலோடு அனுப்பி விடுங்கள்.

விலை பேசி முடியும் வரை புளி, சாம்பல், பிராசோ எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம். பூசைக்குத் தேய்ப்பது வழக்கம்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தக் கருமைதான் உலோகத்துக்குப் போர்வை, தேயத் தேயப் பெயரும் அழிந்து போகும். தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தால் போதும். வெளிர் பச்சையாகப் பொடி உதிர்ந்தால் ஈரம் உலோகத்தைத் தின்கிறது என்று அர்த்தம். பொலித்தீன் பையில் கட்டி வைக்காமல், துணியில் சுற்றிக் காய்ந்த இடத்தில் வையுங்கள். கயிறு இற்றுப் போயிருந்தால் பருத்திக் கயிறு மாற்றலாம். துளையை மட்டும் பெரிதாக்க வேண்டாம்.

சட்டத்தைப் பற்றியும் சிலர் பயப்படுகிறார்கள். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2 க்கு முந்திய பொருள்தான் தொல்பொருள். நம்மவர்கள் கோப்பித் தோட்டங்களுக்கு வரத் தொடங்கியது 1820 களில். ஆகவே வீட்டுத் தாளம் அந்தக் கணக்கில் வருவது அரிது. ஆனால் கான் வெட்டும் போதோ அஸ்திவாரம் தோண்டும் போதோ மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பழைய தாளம் என்றால் அது வேறு. அதைத் துடைக்காமல், விற்காமல், கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள். பழைய பொருளை வெளிநாட்டுக்குக் கொண்டு போவதென்றால் முதலில் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுக் கொள்ள வேண்டும்.

விற்றாலும் விற்காவிட்டாலும் இந்த மாதமே ஒரு காரியம் செய்து விடலாம். கைத்தொலைபேசியில் தாளத்தை இரண்டு பக்கமும் படம் எடுத்து, அடிக்கும் சத்தத்தையும் பதிந்து கொள்ளுங்கள். யார் அடித்தார், எந்தத் தோட்டம், எந்தக் கூத்துக்கு, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை வீட்டிலுள்ள மூத்தவரிடம் கேட்டு, பிள்ளையின் கொப்பியில் அவர் சொல்கிறபடியே எழுதி, திகதியும் போட்டு வையுங்கள்.