பெல்ட்டில் ஒரு புது ஓட்டை

"இருமல் இருக்கா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். எச்ஐவிக்கான ஏஆர்டி கூட்டு மருந்து தரும் மையத்தில் பல வருடங்களாக ஆலோசகராக இருக்கும் அந்தப் பெண்மணி அதனால் கேள்வியையே மாற்றிக்கொண்டார். "அண்ணே, ராத்திரி தலகாணி நனையுதா? சாயங்காலமானா உடம்பு சுடுதா?"

லாரி ஓட்டுநர் ஒருவர் அதற்கும் இல்லை என்றார். ஆனால் அவர் பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டை. பழைய ஓட்டையைச் சுற்றிப் பக்கிள் அழுத்திய தடம் இரண்டு விரற்கடை தள்ளித் தெரிந்தது. எடை பார்த்தால் 5 கிலோ குறைந்திருந்தது. மைக்ராஸ்கோப்பில் சளி சுத்தம்; சிபிநாட் என்ற மரபணுச் சோதனையில்தான் காசநோய் பிடிபட்டது.

எதிர்ப்புச் சக்தி தேய்ந்த உடம்பில் கிருமி சளியில் குறைவாகவே வரும், எக்ஸ்ரேகூட ஏமாற்றும். எனவே இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை என நான்கில் ஒன்று இருந்தாலே எச்ஐவி உள்ளவர்கள் சோதித்துவிட வேண்டும். இரண்டு வாரம் பார்ப்போம் என்ற கணக்கு இவர்களுக்குக் கிடையாது. காசநோய்க்காக 1928இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் பின்னாளில் நாட்டின் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களில் ஒன்றானதற்கும் இந்த இரு நோய்களின் உறவே காரணம்.

காசநோய் இல்லை என்று உறுதியானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை உண்டு: ஐசோனியசிட் 300 மி.கி., தினமும், 6 மாதம், கூடவே பி6 வைட்டமின். பாதம் மரத்தாலும் கண் மஞ்சளித்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திராமல் அன்றே வரச் சொல்கிறார். குடியை நிறுத்தச் சொல்லி மன்றாடுகிறார், கல்லீரல் தாங்காது.

சிகிச்சையில் சிக்கல் வேறு. காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், எச்ஐவி மருந்தான டோலுடெக்ராவிரைக் கல்லீரலில் வேகமாகக் கரைத்துவிடும். அதனால் டோலுடெக்ராவிர் 50 மி.கி. மாத்திரையை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை போட வேண்டும். அதிகம் மறக்கப்படுவது இந்த இரண்டாவது மாத்திரைதான். ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சாகப் போவதைப் பார்த்து ரத்தம் என்று பயந்து மருந்தை விட்டவர்கள் உண்டு என்பதால், அதை முதல் நாளே சொல்லிவிடுகிறார். புதிதாக ஏஆர்டி தொடங்கியவர்களுக்குச் சில வாரங்களில் காய்ச்சல் திரும்பலாம், நெறி கட்டலாம். உடம்பு எதிர்ப்புச் சக்தியைத் திரும்பப் பெறும்போது நடப்பது அது. தானாக மருந்தை நிறுத்தாமல் மருத்துவரிடம் ஓடி வர வேண்டும்.

ஓட்டுநருக்குக் காசநோய் மருந்து முடிந்தபோது, அவருடைய பாக்கெட் காலண்டரில் மேலும் 14 நாட்களை ஆலோசகர் சிவப்பு மையால் வட்டமிட்டார். ரிஃபாம்பிசினின் வேகம் அடங்க அவ்வளவு நாளாகும். "அதுவரைக்கும் ராத்திரி மாத்திரைய விட்றாதீங்கண்ணே."