பிடியரிசியும் பன்னிரண்டு படுக்கைகளும்

உலைக்கு அரிசி அளக்கும்போது அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பது எங்கள் அப்பத்தாமார் காலத்து வழக்கம். மாதக் கடைசியில் அந்த அரிசி கோயிலுக்கோ, அன்னதானத்துக்கோ, இல்லாதவர் வீட்டுக்கோ போய்ச் சேரும். பிடியரிசி என்பது அதன் பெயர். எடுத்த வீட்டில் அது குறைவாகத் தெரியாது. சேர்ந்த இடத்தில் மூட்டையாகத் தெரியும். பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இவ்வாண்டு அரிசிக்குப் பதிலாக நாணயத்தைச் சேர்த்தோம். அதில் நாங்கள் செய்த ஒரு பெரும்பிழையையும், அதன் பின் நூலகத்தில் தேடிப் படித்து அறிந்தவற்றையும் இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

எங்கள் பள்ளியில் கீழ் வகுப்பில் படிக்கும் ஒரு தங்கையின் தாய் மல்லசமுத்திரத்தில் விசைத்தறிப் பட்டறை ஒன்றில் வேலை செய்பவர். அவருக்கு மாதக்கணக்கில் உதிரப்போக்கு இருந்திருக்கிறது. வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. தறி நின்றால் கூலியும் நின்றுவிடும் என்பது ஒரு காரணம். சொல்லக் கூசியது மறு காரணம். ஒரு நாள் பட்டறையிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் சேலத்துக்கு அழைத்துச் சென்றார்கள். கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்று கண்டறிந்து, சென்னைக்குப் போகச் சொன்னார்கள். இதைப் பள்ளி மலரில் எழுதலாமா என்று எங்களுக்கே முதலில் தயக்கமாக இருந்தது. "அந்தத் தயக்கம்தானே அவரை எட்டு மாதம் வீட்டில் உட்கார வைத்தது?" என்று எங்கள் சிஸ்டர் கேட்டார்கள். ஆகவே எழுதுகிறோம்.

செய்தி தெரிந்ததும் எங்கள் வகுப்பு சுறுசுறுப்பாயிற்று. பால் பவுடர் டப்பாவின் மூடியில் துளையிட்டு உண்டியல் ஆக்கினோம். விளையாட்டு விழாவன்று எள்ளுருண்டை விற்றோம். பருத்தி ஏலம் நடக்கும் நாளில் பெற்றோர் துணையோடு போய் நின்றோம். விவசாயிகளும், மூட்டை தூக்கும் அண்ணன்மாரும், தேநீர்க் கடைக்காரரும் கொடுத்தார்கள். பெரிய நோட்டுகள் மிகக் குறைவு. பத்து ரூபாய் நாணயங்களே மிகுதி. இரண்டு வாரத்தில் 14,260 ரூபாய் சேர்ந்தது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

பிழை அங்கேதான் நேர்ந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தத் தாயின் பெயரையும், நோயின் பெயரையும், தொகையையும் ஒலிபெருக்கியில் வாசித்தோம். தங்கையை மேடைக்கு அழைத்து, எல்லோரும் கைதட்ட, உறையைக் கையில் கொடுத்தோம். அவள் தலை நிமிரவில்லை. வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டோம். மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த மூன்று நாளும் வரவில்லை.

நாங்கள் நால்வர் சிஸ்டருடன் அவள் வீட்டுக்குப் போனோம். அந்த அக்கா எங்களைப் பாயில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்தார். பிறகு மெதுவாக, "காசு சேத்துக் கொடுத்தீங்க, சந்தோசமுங் கண்ணு. பேரை எதுக்குங் கண்ணு மைக்குல படிச்சீங்க? இனி எம்புள்ளைய அந்த வியாதிக்காரி மகன்னுதானே எல்லாரும் பாப்பாங்க?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் அவருக்கென்று தனி டம்ளர் வைத்துவிட்டார்களாம். புற்றுநோய் தொட்டால் ஒட்டும் நோயன்று; ஒரே டம்ளரில் குடித்தாலும், ஒரே பாயில் படுத்தாலும் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வராது. இதை நாங்கள் அறிவோம். ஆனால் ஒலிபெருக்கியில் நோயின் பெயரைச் சொன்ன நாங்கள் இதைச் சொல்லவில்லையே! மோரைக் குடித்து முடிக்க எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.

பெயரைச் சொல்லாமல் எப்படித் திரட்டுவது? நமக்கு முன் திரட்டியவர்கள் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி எங்களுக்குப் புதிதாகக் கிடைத்தார். அவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர் என்பதும், ஆண்கள் மட்டுமே படித்து வந்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படித்தவர் என்பதும், 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் என்பதும், 1927-ல் சென்னை மாகாணச் சட்ட சபையில் முதல் பெண் உறுப்பினராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டவர் என்பதும் நாம் அறிந்தவையே. அவருடைய தங்கையைப் பற்றி நாங்கள் அறிந்ததில்லை.

தங்கையின் பெயர் சுந்தரம்பாள். அவருக்கு மலக்குடலில் புற்றுநோய். முதலில் அதை வயிற்றுக்கடுப்பு என்றே தவறாக எண்ணிவிட்டார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. 1923-ல் அவர் இறந்தார். வீட்டிலேயே ஒரு டாக்டர் இருந்தும் அந்தத் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை. அந்நாளில் அந்நோய்க்கென்று தனி மருத்துவமனை தென்னாட்டில் எங்கும் இல்லை. 1925-ல் மேற்படிப்புக்காக லண்டன் சென்ற முத்துலட்சுமி, அங்கே புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குவதைக் கண்டார். நம் ஊரிலும் இது வேண்டும் என்ற எண்ணம் அவர் மனத்தில் வேரூன்றியது. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் அதை வெளிப்படையாகவே கேட்டார். எளிதில் யாரும் செவிசாய்க்கவில்லை. புற்றுநோய் வந்தால் இறக்கத்தானே போகிறார்கள், அதற்கு எதற்கு ஒரு மருத்துவமனை என்ற எண்ணம் படித்த பெரியவர்களிடமே இருந்த காலம் அது.

இந்திய மாதர் சங்கம் 1917-ல் சென்னை அடையாற்றில் தோன்றியது. அன்னி பெசன்ட் அம்மையார் அதன் முதல் தலைவர். அந்தச் சங்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, புற்றுநோய் நிவாரண நிதி ஒன்றை முத்துலட்சுமி திரட்டினார். அந்த நிதிக்குத் தம் தங்கையின் பெயரை அவர் சூட்டவில்லை. வைத்திருந்தால் யார் தடுத்திருப்பார்கள்? இன்றும் அந்த மருத்துவமனை மாதர் சங்கத்தின் பெயரைத்தான் தன் பெயரோடு வைத்திருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் வகுப்பில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

1952-ல் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு திறக்கப்பட்டது. நம் வகுப்பறை ஒன்றில் 12 கட்டில்களைப் போட்டுவிடலாம். அவ்வளவே அதன் அளவு. முத்துலட்சுமிக்கு அப்போது வயது 67. அவர் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், இளம் டாக்டர் சாந்தாவும் அதை நடத்தினார்கள். சாந்தா 1955-ல் அந்த வளாகத்துக்கே குடிவந்துவிட்டார். 2021 ஜனவரி 19-ல் தம் 93-ஆம் வயதில் மறையும் வரை அம்மருத்துவமனையே அவர் வீடு. 2005-ல் மகசேசே விருதும், 2016-ல் பத்ம விபூஷண் விருதும் அவரைத் தேடி வந்தன. நன்கொடை கேட்பதை அவர் கடைசி வரை இழிவாக எண்ணியதில்லை. அங்கே வருபவர்களில் பெரும்பாலோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற அந்தப் பணம் உதவியது. கொடுத்தவருக்கு வாங்கியவர் யார் என்று தெரியாது. வாங்கியவர் எந்த மேடையிலும் ஏற வேண்டியதில்லை.

நோயாளியே முன்வந்து, "இதோ நான்" என்று நின்று திரட்டியதும் உண்டு. கனடா நாட்டு இளைஞர் டெரி ஃபாக்ஸுக்கு எலும்புப் புற்றுநோயால் 1977-ல், 18 வயதில், வலது காலை எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரலில் அவர் செயற்கைக் காலோடு தம் நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாட்டு மக்கள் ஒவ்வொருவரும் ஒரு டாலர் கொடுங்கள் என்பதே அவர் வேண்டுகோள். பிடியரிசிக் கணக்கேதான்! நாளொன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ 38 கிலோமீட்டர் வீதம் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்த நிலையில் நோய் நுரையீரலுக்குப் பரவி அவரை நிறுத்தியது. மறு ஆண்டு பிப்ரவரிக்குள் அந்நாட்டு மக்கள்தொகையின் அளவுக்கே, 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 1981 ஜூனில் அவர் இறந்தார். ஆனால் அவர் தம் பெயரைத் தாமே கொடுத்தார். எங்கள் தங்கையின் தாயிடம் நாங்கள் கேட்கவே இல்லை. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சரி, அரசுக் காப்பீடு இருக்கும்போது எதற்கு வசூல் என்று சில பெற்றோர் எங்களைக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. புற்றுநோயும் அதில் அடக்கம். அந்த அக்காவின் கதிர்வீச்சுக்கும் மருந்துக்கும் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை. ஆனால் கதிர்வீச்சு ஒரு நாளில் முடிகிற காரியமன்று. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம், அதன் பின் உள்ளே வைத்துத் தரும் சிகிச்சை. ஒவ்வொரு நாளும் சில நிமிட வேலைதான். அந்தச் சில நிமிடத்துக்காக மல்லசமுத்திரத்து ஆள் சென்னையிலேயே தங்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். அப்படியானால் இரண்டு பேர் கூலி போயிற்று. இங்கே வீட்டில் பிள்ளைகளுக்கு யார் சோறு பொங்குவது? காப்பீட்டு அட்டை இதற்கெல்லாம் வழி சொல்லாது.

எங்கள் பணம் போன வழியைப் பாருங்கள். ஆறு வாரத்துக்கு அறை வாடகை 6,000. அக்காவுக்கும் துணைக்குப் போன அவர் தங்கைக்கும் சாப்பாடு 4,800. பேருந்து, ஆட்டோ 1,640. வீட்டுக்கு அரிசி பருப்பு 1,180. ஆக 13,620 ரூபாய். மருந்து என்று இதில் ஒரு காசும் இல்லை. இரயிலில் சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் கட்டணமே இல்லை. துணைக்குப் போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை தரும் சான்றிதழைக் காட்டினால் போதும். இதை முன்பே அறிந்திருந்தால் முதல் பயணத்துப் பேருந்துச் செலவாவது மிஞ்சியிருக்கும். பெற்றோர்கள் இந்த ஒரு செய்தியையாவது அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் படித்தோம். இது நமக்குப் பக்கத்திலேயே, திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. 2000-ஆம் ஆண்டு தொடங்கி அங்குள்ள ஊர்களில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பயிற்சி பெற்ற நர்சுகள் சோதித்தார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகர் இருக்கிறதல்லவா, அதிலுள்ள அசிட்டிக் அமிலத்தையே நீர்த்த நிலையில் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பார்ப்பார்கள். கெட்டுப்போகத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டும். புற்றாக மாறும் முன்பே அதற்கு மருத்துவம் செய்துவிடலாம். 30,000-க்கு மேற்பட்ட பெண்கள் சோதனை செய்துகொண்டார்கள். சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் சாவு, நடக்காத ஊர்களைவிட 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். எங்கள் அம்மாமாரிடம் இதைச் சொன்னோம். சிலர் காது கொடுத்துக் கேட்டார்கள். சிலர் "பரீட்சைக்குப் படிக்கிற வேலையைப் பாரு" என்றார்கள். கேட்டவர்களில் ஆறு பேர், சிஸ்டரின் துணையோடு, அரசு மருத்துவமனைக்குச் சோதனைக்குப் போய் வந்தார்கள். அவர்கள் பெயரை நாங்கள் எழுதப் போவதில்லை.

அந்த அக்கா சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசோதனைக்குப் போகிறார். தறி வேலைக்கு இன்னும் போகவில்லை. வீட்டில் நூல் சுற்றுகிறார். தங்கை ஐந்தாம் நாளே பள்ளிக்கு வந்துவிட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றும் எங்களுக்குத் தெரியவில்லை.

மீதியிருந்த 640 ரூபாயை என்ன செய்வது என்று அந்த அக்காவிடமே கேட்டோம். "அடுத்து வர்றவுங்களுக்கு வச்சுக்குங்க கண்ணு" என்றார். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த பெயர்த்தாளைக் கிழித்து எடுத்துவிட்டோம். இப்போது அதன் மேல் ஒன்றும் எழுதவில்லை. யார் வேண்டுமானாலும் போடலாம். யாருக்கு வேண்டும் என்பது சிஸ்டர் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சென்ற மாதம் திறந்து எண்ணியபோது 1,115 ரூபாய் இருந்தது. அடியில் ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு பிடி அரிசியும் இருந்தது. யார் போட்டது என்று நாங்கள் விசாரிக்கவில்லை.