தரவுத்தள சர்வர் வீழ்ந்தவிடத்துக் காரணம் ஆராய்தல்

கல்லூரியின் கட்டணக் கணக்கும், மதிப்பெண் பட்டியும், நூல்நிலையத்தின் இரவற் குறிப்பும் இக்காலத்தில் பெரும்பாலும் ஏடுகளில் இல்லை. தரவுத்தளம் என்னும் யந்திரக் கணக்கிலே உறைகின்றன. கட்டணம் செலுத்தும் கடைசி நாளன்று அக்கணக்கைப் பேணும் சர்வர் திடீரென வீழ்ந்துவிடின், பொறுப்பாளர் உள்ளத்தில் முதலில் எழுவது அதனை எவ்வாறேனும் எழுப்பிவிடவேண்டும் என்னும் ஆத்திரமே. எழுப்புதல் பெரும்பாலும் எளிது. ஆனால் காரணம் அறியாது எழுப்புவதாலும், அவ்வவசரத்தில் அழிக்கத்தகாததை அழித்துவிடுவதாலும் விளையும் கேடு பெரிது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை உதாரணமாகக் கொண்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராய்வோம். பெர்க்லி நகரத்துக் கலிபோர்னியாச் சர்வகலாசாலையில் 1986-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியினின்று பிறந்தது அது. யாவரும் விலையின்றிப் பெறத்தக்கது.

வணிகர் கணக்கை அறிந்தார்க்கு இதன் உள்ளமைப்பு எளிதில் விளங்கும். வரவு வந்தவுடன் நாள்வழியில் குறித்துக்கொண்டு, கடை ஓய்ந்தபின் அதனைப் பேரேட்டிற் பெயர்த்தெழுதுவது வணிகர் வழக்கம். பேரேடு பாதி எழுதிய நிலையில் விளக்கு அணைந்துபோயினும், நாள்வழி உள்ளவரை கணக்கு அழியாது. போஸ்ட்கிரெஸும் அவ்வண்ணமே ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் தன் நாள்வழியில் எழுதி, அது வட்டில் நிலைபெற்ற பின்னரே ‘முடிந்தது’ என்று விடை கூறும். அவ்வப்போது செக்பாயிண்ட் என்னும் தணிக்கை நடைபெறும். அதுவரை குறித்தவை யாவும் பேரேட்டில் ஏறிவிட்டன என்று தெளிந்தபின், பழைய நாள்வழி ஏடுகள் கழிக்கப்படும். சர்வர் வீழ்ந்து எழும்போது கடைசித் தணிக்கையிலிருந்து நாள்வழியைத் திரும்பப் படித்துப் பேரேட்டைச் செப்பனிட்டுக் கொள்ளும்.

இந்நாள்வழி இருக்கும் கோப்புறையின் பெயர் முன்னர் ‘பிஜி எக்ஸ்லாக்’ என்றிருந்தது. ‘லாக்’ என்னும் சொல்லைக் கண்டு, பயனற்ற பழங்குறிப்பென மயங்கி, வட்டில் இடம் குறைந்தபோது அதனை அழித்து மீளாத நஷ்டமடைந்தவர் உண்டு. அதனாலேயே 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அப்பெயரை ‘பிஜி வால்’ என்று மாற்றினர். ஆதலின் காரணம் தேடப் புகுவார் முதற்கண் செய்யவேண்டுவது, எதையும் அழிக்காதிருத்தலும், தரவுக் கோப்புறை முழுவதையும் வேறிடத்திற் பிரதி செய்துகொள்ளுதலுமே. இது சோம்பலான யோசனையாகத் தோன்றலாம். பிரதி இல்லாமற் செய்த சிகிச்சை தவறினால் பிறகு சோதிப்பதற்குப் பிணமும் இராது.

அடுத்து, நிகழ்ச்சிக் குறிப்பைப் படித்தல். போஸ்ட்கிரெஸில் தொடர்பு கொள்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி ஏவலன் உண்டு. அனைவர்க்கும் மேலாளாக இருப்பதன் பெயர் போஸ்ட்மாஸ்டர். ஏவலருள் ஒருவன் முறைகேடாக மாண்டால், பொதுவாகப் புழங்கும் நினைவகத்தை அவன் கெடுத்திருக்கக்கூடும் என்றஞ்சி, மேலாள் ஏனையோர் அனைவரையும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவான். அப்போது, ‘மற்றொருவன் மாண்டதால் இத்தொடர்பு அறுக்கப்படுகிறது’ என்னும் பொருள்பட நூற்றுக்கணக்கான வரிகள் குறிப்பில் நிறையும். புதியோர் இவ்வரிகளிலே மயங்கி, குற்றமற்ற ஏவலரை விசாரித்துப் பொழுது போக்குவர். இவற்றிற்கெல்லாம் மேலே, முதலில் மாண்டவன் எவன், எந்தச் சிக்னலால் மாண்டான் என்று கூறும் ஒற்றை வரியே தேடத்தக்கது.

சிக்னல் 11 என்றிருந்தால், தனக்குரியதல்லாத நினைவகத்தை அவன் தீண்டினான் என்க. நிரலில் பிழையோ, பின்னர்ச் சேர்த்த இணைப்பில் பிழையோ, நினைவகச் சில்லிலே பழுதோ இருத்தல் கூடும். சிக்னல் 9 என்றிருந்தால் அது தன் சாவன்று, கொலை. அந்தச் சிக்னலைப் பெற்றவன் ஒரு சொல்லும் எழுதாமல் மாள்வானாதலின் தரவுத்தளத்தின் குறிப்பிற் காரணம் இராது. லினக்ஸ் கெர்னலின் குறிப்பிலே தேடவேண்டும். இருக்கும் இலையினும் மிகுதியாக விருந்தினரை அழைத்துவிட்டு, எல்லாரும் ஒருங்கே வரமாட்டார் என்று நம்பும் வீட்டாரைப்போல, லினக்ஸ் தன்னிடம் உள்ளதினும் மிகுதியான நினைவகத்தை வாக்களிப்பது இயல்பு. எல்லாரும் ஒருங்கே வந்துவிட்டால், பந்தியில் ஒருவனைத் தானே தேர்ந்து கொன்றுவிடும். போஸ்ட்கிரெஸில் வரிசைப்படுத்தும் வேலை ஒவ்வொன்றிற்கும் இத்துணை நினைவகம் என்று ஓர் அளவு உண்டு. இயல்பாக அது 4 மெகாபைட். வேகத்தை விரும்பி அதனை 64 ஆக்குவோர், அது ஒருவனுக்கன்று, ஒவ்வொரு வேலைக்கும் என்பதை மறப்பர். நூறு பேர் தலைக்கு இரண்டு வரிசைப்படுத்தல் செய்யின் 12,800 மெகாபைட் ஆயிற்று. யந்திரத்தில் 8 கிகாபைட் மட்டும் இருந்தால் முடிவு என்னவாகும்? அவ்வளவைக் குறைப்பதும், கெர்னல் மிகையாக வாக்களிப்பதைத் தடுப்பதுமே பரிகாரம். வெறுமனே மறுபடி எழுப்பினால், அடுத்த கட்டண நாளிலும் அதுவே நிகழும்.

மூன்றாவது வகை மிக விசித்திரமானது, சிக்னல் 6. இது தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளுதல். இதன் வரலாறு 2018-இல் வெளிப்பட்டது. தணிக்கையின்போது போஸ்ட்கிரெஸ் கெர்னலை நோக்கி, ‘நான் கொடுத்த பக்கங்கள் வட்டில் ஏறினவா?’ என்று கேட்கும். வட்டுப் பழுதால் ஏறவில்லையெனில் கெர்னல், ‘தவறிற்று’ என்று சொல்லும். போஸ்ட்கிரெஸ் சிறிது பொறுத்து மறுபடி கேட்கும். ஆனால் லினக்ஸோ, எழுதத் தவறிய பக்கத்தையும் எழுதி முடித்ததாகவே தன்னுள் குறித்துக்கொண்டு, இரண்டாம் முறை ‘எல்லாம் சரி’ என்று கூறிவிடும்! அதனை நம்பித் தணிக்கை முடிந்ததாகக் கொண்டு, போஸ்ட்கிரெஸ் நாள்வழியின் பழைய ஏடுகளைக் கழித்துவிடும். பேரேட்டிலும் இல்லை, நாள்வழியிலும் இல்லை. ஒரு மாணவன் செலுத்திய பணம் சுவடின்றி மறையும். சர்வரோ வீழாமல், ஒரு குறையும் அற்றதுபோல் ஓடிக்கொண்டிருக்கும்.

2019 பிப்ரவரியில் வெளிவந்த திருத்தப் பதிப்புகள் இதற்குக் கண்ட பரிகாரம், ‘தவறிற்று’ என்னும் சொல் ஒருமுறை வந்தவுடனே, மறுபடி கேளாமல், சர்வர் தானே வீழ்ந்துவிடுதல். நாள்வழி கழியாமல் இருக்கையிலேயே வீழ்வதால், எழும்போது அதனைக் கொண்டு பேரேட்டைத் திருத்திக்கொள்ள முடிகிறது. இதனை அறியாத பொறுப்பாளர், ‘புதிய பதிப்பு அடிக்கடி வீழ்கிறது’ என்று குறைகூறி, மறுபடி கேட்கும் பழைய வழக்கத்தைத் திரும்ப இயக்கிவைப்பின், யந்திரம் வீழாமல் நிற்கும், கணக்குதான் நில்லாது. ஆகவே பானிக் என்னும் சொல்லோடு சிக்னல் 6 தோன்றின், தரவுத்தளத்தை விட்டுக் கெர்னலின் குறிப்பில் வட்டைப்பற்றிய பிழைகளைத் தேடி, பழுதான வட்டை நீக்கி, முன்னர் எடுத்துவைத்த பிரதியை நல்ல வட்டில் இட்டு, அங்கே எழுப்பவேண்டும்.