இருளில் மின்னும் கண்கள்

கொடிய விலங்குகளை இரவில் கைவிளக்கின் துணையால் வேட்டையாடிய கதைகளை நண்பர்கள் படித்திருப்பீர்கள். விளக்கை அடித்ததும் புதருக்குள் இரண்டு நெருப்புத் துண்டுகள் தெரிந்தன என்று அவற்றில் வரும். விலங்கியல் மாணவன் என்ற முறையில், அந்நெருப்பு எங்கிருந்து வருகிறது என்பதை எழுத விழைகிறேன்.

சிறுத்தை, நரி, பூனை முதலியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் 'டேபீட்டம்' என்னும் பளபளப்பான படலம் உண்டு. விழித்திரை பிடிக்காமல் விட்ட ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. ஒரே ஒளி விழித்திரையை இருமுறை கடப்பதால் மங்கிய இரவிலும் விலங்குக்குக் கண் தெரிகிறது. அதிலும் மிஞ்சிய ஒளி, வந்த வழியே வெளியேறுகிறது. நாம் காணும் நெருப்பு அதுதான். நமக்கு இப்படலம் இல்லை, மாட்டுக்கு உண்டு. ஊன் உண்ணிகளில் உயிரணுக்களால் ஆன அது, மாட்டில் நுண்ணிய நார்களால் ஆனது. பாவு இழைபோல் அந்நார்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டுள்ளன. தறி வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் நான். அன்றைய பாடம் எனக்குச் சற்று எளிதாகவே இருந்தது!

'வந்த வழியே' என்றேன் அல்லவா? அதைச் சோதித்துப் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பிள்ளையார்பாளையத் தெருவில் கட்டியிருக்கும் பசுவே போதும். டார்ச்சை இடுப்பருகே பிடித்து அடித்தால் அதன் கண் பெரிதாக ஒளிராது. நெற்றியருகே பிடித்து அடியுங்கள். இரண்டு பச்சைச் சுடர்கள் எழும். வேட்டைக்காரர்கள் விளக்கை நெற்றியிலோ துப்பாக்கிக் குழலிலோ பொருத்திக் கொண்டதன் பயன்களில் இதுவும் ஒன்று.

1918 முதல் 1926 வரை 125 பேரைக் கொன்ற ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையை ஜிம் கார்பெட் சுட்டதும் துப்பாக்கியில் பொருத்திய டார்ச்சின் ஒளியில்தான். 1926ஆம் ஆண்டு மே மாதத்து இரவு அது. விசையை இழுத்த கணமே விளக்கு அணைந்துவிட்டது. குண்டு பட்டதா இல்லையா என்று அறிய, விடியும்வரை மரத்திலேயே அமர்ந்திருந்தார்.

கார்பெட்டின் ஒளியில் சிறுத்தையின் தோளே தெரிந்தது. கண்ணொளி மட்டும் தெரிந்தால் அது இன்ன விலங்கு என்று உறுதி கூற முடியாது. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். நாயின் கண்ணும் மின்னும், கன்றின் கண்ணும் மின்னும். மறுபுறம், என் மாமா வேர்க்கடலைக் காவலுக்குப் போகும் இரவுகளில் விளக்கடித்துப் பார்த்து, "கண்ணு எதுவும் தெரியல, ஒண்ணுமில்ல" என்று படுத்துவிடுவார். பன்றிக்கு டேபீட்டம் கிடையாது. காட்டுப்பன்றி பத்தடியில் நின்றாலும் நெருப்புத் துண்டு தெரியாது. இதைச் சொன்ன பின், அவர் இப்போது காதையும் தீட்டிக்கொண்டுதான் படுக்கிறார்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வேட்டையை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிட்டன. சிறுத்தை போன்ற விலங்கு மனித உயிருக்கு ஆபத்தானால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து மூலமான ஆணை வேண்டும். ஆயினும் கைவிளக்குக்கு வேலை போய்விடவில்லை. தோலுக்காக முதலைகளை ஒரு காலத்தில் விளக்கடித்தே வேட்டையாடினர். உடல் நீருக்குள் கிடந்தாலும் மேலே நீட்டிய கண்கள் சிவப்பாக மின்னிக் காட்டிக் கொடுத்துவிடும். இன்று ஆய்வாளர்கள் அதே முறையில் இரவில் படகேறிச் சென்று முதலைகளை எண்ணுகிறார்கள். அந்நேரம் முழுதாய் மூழ்கியிருப்பவை கணக்கில் வருவதில்லை. ஆகவே கிடைக்கும் எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே இருக்கும்.